தோட்டக் கொட்டிலுக்கு உகந்த பொருள் எது?

வீடு கட்டுவோனுக்கு ஆலோசனை கூற நம்மவரிடையே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. வாசல் எத்திசையை நோக்கவேண்டும், கிணறு எம்மூலையில் அமையவேண்டும், நிலை நாட்டுதற்கு நல்ல நாள் எது என்றெல்லாம் பலரும் பலபடக் கூறுவர். ஆனால், வளவின் ஒரு கோடியிலே நிற்கப்போகும் கொட்டிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “அதற்கென்ன, நாலு கப்பை நட்டு மேலே தகரத்தைப் போட்டால் ஆயிற்று” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். அங்ஙனம் முடிக்கப்பெற்ற கொட்டில் மூன்றாவது மாரியிலே கால் சரிந்து நிற்கும். அல்லது ஆடி மாதத்துக் காற்றில் கூரையை அடுத்த வளவுக்கு அனுப்பிவிட்டு வெறுங்காலோடு நிற்கும். எனவே, இவ்வாரம் கொட்டிலைப் பற்றியே சிறிது ஆராய்வோம். எடுத்துக்காட்டாக மயிலிட்டி என்னும் ஊரை மனத்திற் கொள்வோம்.

வலிகாமம் வடக்கிலே, காங்கேசன்துறைக்குக் கிழக்கே, கடலை ஒட்டி அமைந்தது மயிலிட்டி. அதன் ஒரு பக்கம் மீன்பிடித் துறை. மறு பக்கம் செம்மண் தோட்டம். வலையும் மண்வெட்டியும் ஒரே ஊரிற் புழங்கிய இடம் அது. 1990 ஆம் ஆண்டிலே போர் காரணமாக அவ்வூர் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். 27 ஆண்டுகள் கழிந்து, 2017 ஆம் ஆண்டு யூலை 3 ஆம் நாளன்றே துறைமுகமும் அதனை அடுத்த காணிகளில் ஒரு பகுதியும் மக்களிடம் மீண்டன. திரும்பி வந்தவர்கள் கண்டவை பற்றைக்காடும் இடிந்த சுவர்களுமே. இத்தகைய நிலத்தில் முதலில் எழுவது வீடன்று, கொட்டிலே எழும். மண்வெட்டியும் வலையும் விதை வெங்காயமும் அதனுள்ளேதான் இருக்கும். சில குடும்பங்களுக்கு வீடு எழும்பும்வரை அடுப்பும் பாயும் கூட அதனுள்ளேதான். ஆதலின், கொட்டிலுக்குச் செலவிடும் பணம் வீட்டுக்கெனச் சேர்த்த பணத்தினின்றும் எடுக்கப்படுவது. அதிலே தவறு நேரின் வீடும் ஓராண்டு பின்தள்ளிப் போகும்.

பொருளைத் தேர்வதற்கு முன் பகைவரை அறிதல் வேண்டும். மயிலிட்டிக் கொட்டிலுக்குப் பகைவர் ஐவர். முதலாவது மழை, ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிற் கொட்டித் தீர்க்கின்றது. இரண்டாவது காற்று, மாரியில் கடற்புறத்திலிருந்து வாடையும், வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகமும் வீசும். மூன்றாவது கடலின் உப்பு. நான்காவது கறையான். ஐந்தாவது நெருப்பு. இவ்வைந்தையும் ஒருங்கே வெல்லும் தனிப்பொருள் ஒன்று உலகில் இல்லை. ஓலை வெயிலை வெல்லும், நெருப்புக்குத் தோற்கும். தகரம் மழையை வெல்லும், உப்புக்குத் தோற்கும். மரம் காற்றைத் தாங்கும், கறையானுக்கு இரையாகும். எனவே, “கொட்டிலுக்கு எது சிறந்த பொருள்?” என்று கேட்பதினும், “காலுக்கு எது, சுவருக்கு எது, கூரைக்கு எது?” என்று பிரித்துக் கேட்பதே முறை.

முதலில் காலைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தான் கொட்டிலுக்கு மரம் தேடும்போது அவன் கண்ணில் முதலிற் படுவது பனை. முற்றிய பனையின் புறப்பகுதியில் உள்ள கரிய வயிரம் மிக வலியது, உட்பகுதி மென்மையானது. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணத்துப் பனைமரம் கப்பலேறி வெளியிடங்களுக்கு விலையாயிற்று என்பது வரலாறு. நனையாமல் இருக்குமாயின், பனங் கைமரமும் சிலாகையும் தலைமுறை கடந்து நிற்கும். நமது பழைய நாற்சார் வீடுகளே அதற்குச் சான்று. ஆனால், அதே பனையை மண்ணுக்குள் நட்டால், ஈரமும் கறையானும் அடியிலே வேலையைத் தொடங்கிவிடும். வேம்பு, பாலை, முதிரை ஆகியனவும் நல்ல மரங்களே. எனினும், எந்த மரமாயினும் மண்ணுக்கும் அதற்கும் இடையே கல் இருத்தல் வேண்டும் என்பதே பொது விதி.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறவேண்டும். போர்க்காலத்திலே காவலரண்களுக்காக வெட்டப்பட்ட பனைகள் எண்ணிலடங்கா. வயிரமேறிய பனை ஒன்று உருவாகப் பல பதிற்றாண்டுகள் வேண்டும். ஆதலின், கொட்டில் ஒன்றிற்காக நிற்கும் பனையைத் தறிப்பதினும், இடிந்த வீட்டுக் கூரைகளில் எஞ்சிய பழைய வளை, கைமரம், சிலாகை ஆகியவற்றைத் தேடி வாங்குதல் நன்று. பழைய சிலாகையை விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். கணீரென ஒலித்தால் உள்ளே வயிரம் உண்டு. பொத்தென ஒலித்தால் உள்ளே கறையான் புகுந்து வெளியேறிவிட்டது என்று அறியலாம். நிற்கும் பனையைத் தறிப்பதாயின் அதற்கு அனுமதி பெறவேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

மரத்துக்கு மாற்றாக இக்காலத்திற் கொங்கிறீற்றுத் தூண் வந்துள்ளது. கறையான் அதனைத் தீண்டாது. ஆனால், கடலோரத்தில் அதற்கும் ஒரு நோய் உண்டு. உள்ளிருக்கும் இரும்புக் கம்பி உப்பினாற் கறள் பிடித்துப் பருக்கும். பருத்ததும் கொங்கிறீற்று வெடித்துச் சிதறும். இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு: ஒன்று, கழுவாத கடல் மணலைக் கலத்தல், மற்றொன்று, கம்பிக்கு மேலே போதிய கனம் இல்லாமை. ஐந்தாறு அங்குலச் சதுரமான தூணாகவும், கம்பிக்கு வெளியே ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத கொங்கிறீற்று உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். நீங்களே வார்ப்பதாயின் ஏழு நாளேனும் நனைத்து வையுங்கள். அயலிலுள்ள காங்கேசன்துறையிலே 1950 ஆம் ஆண்டு முதல் 1990 வரை நம் மண்ணின் சுண்ணாம்புக் கல்லைக்கொண்டே சீமெந்து செய்யப்பட்டது. ஆயினும், எவ்வளவு நல்ல சீமெந்தும் கெட்ட மணலோடு சேர்ந்தாற் கெட்டுவிடும்.

கறையானுக்கு மருந்தாகக் கப்பின் அடியிற் கழிவு எண்ணெய் பூசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனை விட்டொழித்தல் வேண்டும். குடாநாட்டின் அடியிலுள்ளது துளைகள் நிறைந்த சுண்ணாம்புக் கற்பாறை. மேலே ஊற்றுவது எதுவாயினும் அது கிணற்றுக்குப் போய்ச் சேரும். 2014, 2015 ஆம் ஆண்டுகளிலே சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்தமை கண்டு மக்கள் எவ்வளவு அல்லலுற்றனர் என்பதை அறிவோம். ஒரு கப்பைக் காப்பதற்காகக் குடிநீரைக் கெடுப்பது அறிவுடைமையாகாது. கப்பை மண்ணில் நடாது, ஓரடி உயரமான கல் அல்லது கொங்கிறீற்றுப் பாதத்தின் மேல் நிறுத்தி, இரும்புப் பட்டியால் இறுகப் பிணித்துவிட்டால் எண்ணெய்க்கு வேலையே இல்லை. கறையான் தன் மண் குழாயைக் கட்டிக்கொண்டு பாதத்தின் மேல் ஏறுமாயினும் அது நம் கண்ணுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை விளக்குமாற்றால் தட்டிவிடலாம். அஃது ஒளிந்திருக்க இடங்கொடாமையே சிறந்த மருந்து.

அடுத்தது கூரை. இங்கேதான் வாதங்கள் மிகுதி. பனையோலையும் தென்னங்கிடுகும் நம் முன்னோர் கையாண்டவை. அவற்றின் கீழே நடுப்பகலிலும் குளிர்ச்சி இருக்கும், காற்று ஊடாடும். விதை வெங்காயத்தைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிடுவதற்கு ஓலைக் கொட்டிலை மிஞ்சிய இடம் இல்லை. வெப்பமும் புழுக்கமும் மிகுந்த தகரக் கொட்டிலில் அதே வெங்காயம் அவிந்து அழுகும். ஆனால், ஓலை ஓரிரு மாரியிலே நைந்துபோகும். ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்னரே அதனைப் பார்த்து வேயவேண்டும். எலியும் பூச்சியும் அதிற் குடிபுகும். தீப்பொறி ஒன்று போதும், முழுவதும் சாம்பலாகும்.

நெளிதகரம் 1829 ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரத்துப் பொறியியலாளராகிய பாமர் என்பவராற் காப்புரிமை பெறப்பட்டது. மெல்லிய தகட்டை நெளித்தால் அது வளையாது விறைத்து நிற்கும் என்பதே அவர் கண்ட சூட்சுமம். பின்னர், 1837 இல் பிரான்சு நாட்டிலே சோரேல் என்பார் இரும்புக்கு நாகப் பூச்சு இடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாகம் தான் முன்சென்று அரிபட்டு இரும்பைக் காக்கின்றது. பிள்ளைக்கு வரும் அடியைத் தாய் தன் முதுகிலே வாங்குவது போன்றது அது. ஆனால், கடற்காற்றிலே அந்நாகம் விரைவிற் கரைந்துவிடும். ஆணித் துளையிலும் வெட்டிய விளிம்பிலும் முதலிற் கறள் தோன்றும். ஆதலின், கடலுக்கு அண்மையில் உள்ளோர் மலிவான மெல்லிய தகரத்தை வாங்குதல் வீண். அலுமினியமும் நாகமும் கலந்த பூச்சுடைய தகடு இப்போது கிடைக்கின்றது. அப்பூச்சில் நூற்றுக்கு 55 பங்கு அலுமினியம். அது உப்பைக் கூடுதலாகத் தாங்கும். எனினும், ஈரச் சீமெந்தும் சுண்ணாம்பும் அதனை அரிக்கும். சுவரோடு சேர்த்துப் பூசிவிடாதீர்கள்.

அஸ்பெஸ்ரோஸ் தகட்டைப் பற்றிப் பலரும் கேட்பர். அது கறள் பிடியாது, விலையும் அதிகமன்று என்பது உண்மை. ஆனால், எல்லா வகை அஸ்பெஸ்ரோசும் புற்றுநோயை விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அதனை வெட்டும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் காற்றிற் கலந்து நுரையீரலிற் படியும். நோய் வெளிப்படப் பல பதிற்றாண்டுகள் ஆகலாம். 2018 இல் தொடங்கவிருந்த இறக்குமதித் தடையை இலங்கை அரசு கைவிட்டமைக்கு, 2017 டிசம்பரில் உருசிய நாடு நம் தேயிலையை வாங்க மறுத்தமை ஒரு காரணமாயிற்று என்பதை நினைவிற் கொள்க. ஒரு பொருள் கடையிலே விற்கப்படுகின்றது என்பது ஒன்றே அது தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. இடிந்த வீடுகளில் உடைந்து கிடக்கும் பழைய தகட்டை எடுத்துக் கொட்டிலுக்குப் பயன்படுத்த எண்ணுவோர் அவ்வெண்ணத்தை விடுக. பிள்ளைகளை அதன் அருகில் விளையாட விடவேண்டாம். அகற்றியே தீரவேண்டுமாயின், நீர் தெளித்து நனைத்து, உடைக்காது, அறிந்தவரைக் கொண்டு அகற்றுக.

ஓட்டுக் கூரை அழகியது, குளிர்ச்சியுடையது, உப்புக்கு அஞ்சாதது. ஆயினும், அதன் பாரத்தைத் தாங்க வலிய மரம் வேண்டும். பழைய ஓடு கைவசம் உள்ளவர்க்கே கொட்டிலுக்கு அது பொருந்தும்.

எக்கூரையாயினும் காற்றை மறத்தல் ஆகாது. 1964 ஆம் ஆண்டு டிசம்பரிலே தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபாகத்தைக் கடந்தே அங்குச் சென்றது. பழந்தச்சர் ஒருவரிடம் இளைஞன் ஒருவன், “ஐயா, கூரைக்கு மேலே நாலு பெரிய கல்லைத் தூக்கி வைத்தாற் போதாதோ?” என்று கேட்டானாம். அவர் சிரித்துவிட்டு, “தம்பி, காற்று கூரையை அமுக்க வருவதில்லை, தூக்க வருகிறது. நீ வைக்கும் கல் முதலில் உன் தலையிலேதான் விழும்” என்றாராம். அஃது உண்மையே. கூரையின் மேலால் ஓடும் காற்று அதனை மேலே இழுக்கும். உள்ளே புகும் காற்று கீழிருந்து தள்ளும். விளிம்பும் மூலையுமே முதலிற் பிய்ந்துபோகும். ஆகவே, சிலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தை வளையோடும், வளையைக் கப்போடும், கப்பைப் பாதத்தோடும் சங்கிலிபோற் பிணித்தல் வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் ஏனையவற்றால் பயன் இல்லை. கிளம்பிப் பறக்கும் தகரம் வாளினும் கொடியது.

சுவருக்கு வருவோம். தோட்டக் கொட்டிலுக்கு நான்கு பக்கமும் முழுச்சுவர் வேண்டுவதில்லை. அடியில் மூன்றடி உயரம் கல் அல்லது சீமெந்துக் கல்லாற் கட்டி, மேலே பனமட்டை வரிச்சோ கம்பி வலையோ அமைத்தால் காற்றும் வரும், மழைச் சாரலும் அடிக்காது. இடிந்த வீட்டின் சுண்ணாம்புக் கற்கள் வளவிலே கிடக்குமாயின் அவையே போதும். புதுக்கல் வாங்க வேண்டியதில்லை. அவற்றைச் சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டலாம். கல்லைச் சுட்டால் நீறாகின்றது. நீற்றுச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகின்றது. ஆனால், ஒரு முன்னெச்சரிக்கை: கண்ணிவெடி அகற்றப்பட்டது என உறுதி செய்யப்படாத காணியில் கல் பொறுக்கவோ குழி தோண்டவோ ஒருபோதும் முனையவேண்டாம்.

இனி, உள்ளே வைக்கப்படும் பொருளையும் எண்ணுதல் வேண்டும். வெங்காயமும் விதையும் குளிர்ச்சியும் காற்றோட்டமும் கேட்கும். நைலோன் வலை வெயில் படாத நிழலையும் எலி புகாத அடைப்பையும் கேட்கும். படகு இயந்திரமும் மண்ணெண்ணெயும் நெருப்புப் பற்றாத கூரையையும் பூட்டையும் கேட்கும். உரமூட்டை ஈரத்தை உறிஞ்சி அயலிலுள்ள இரும்பை அரிக்கும். அதனைப் பலகை மேல், தகரத்தைத் தொடாது வைக்கவேண்டும். கிருமிநாசினியோ பூட்டிய பெட்டியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும். உண்ணும் பொருளோடு ஒருபோதும் சேர்த்தல் ஆகாது. இக்கணக்குப்படி, தோட்டக்காரர் கொட்டிலுக்கு ஓலையும் கடற்றொழிலாளர் கொட்டிலுக்குத் தகடும் இயல்பாகப் பொருந்தும். இரண்டு தொழிலும் உள்ள வீட்டார் ஒரே கூரையின் கீழ் வெங்காயத்தையும் மண்ணெண்ணெயையும் வையாது, சிறியனவாயினும் இரண்டாக அமைத்தலே நன்று.

“நீடித்து உழைப்பதே இலாபம்” என்று சிலர் கூறுவர். மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஓலைக் கூரைக்கு 20 ஆயிரம் ரூபா செலவாகி அது 2 ஆண்டு நிற்கும் என்றும், நல்ல தகட்டுக் கூரைக்கு 60 ஆயிரம் செலவாகி அது 12 ஆண்டு நிற்கும் என்றும் வைத்துக்கொள்வோம். முன்னதற்கு ஆண்டுக்கு 10 ஆயிரம். பின்னதற்கு 5 ஆயிரம். தகடே இலாபம் எனத் தோன்றும். ஆனால், கையில் 20 ஆயிரமே உள்ளவன் மிகுதி 40 ஆயிரத்தை நூற்றுக்கு 20 வீத வட்டிக்கு வாங்கினால், முதலாண்டு வட்டி மாத்திரம் 8 ஆயிரம். 5 ஆயிரத்தோடு அதனைக் கூட்டினால் 13 ஆயிரம். அப்போது ஓலையே இலாபம். ஆகவே, வறியவன் ஓலை வேய்வதை அறியாமை என்று எள்ளி நகையாடுவோர் தாமே கணக்கு அறியாதவர்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நல்வழி உண்டு. ஓலைக் கூரைக்குச் சரிவு செங்குத்தாக இருத்தல் வேண்டும். தகட்டுக்குச் சிறு சரிவும் போதும், பெருஞ் சரிவும் பொருந்தும். நனைந்த ஓலையின் பாரத்தைத் தாங்கும் மரம் தகட்டின் பாரத்தை எளிதில் தாங்கும். எனவே, பாதத்தையும் கப்பையும் கைமரத்தையும் முதலிலேயே வலியனவாக, ஓலைக்கு வேண்டிய சரிவோடு, காற்றுக்குப் பிணித்து அமைத்துவிடுங்கள். இவ்வாண்டு அதன்மேல் கிடுகு வேயுங்கள். ஈராண்டு கழித்துக் கையிற் பணம் சேர்ந்தபின், அதே எலும்புக்கூட்டின் மேல் தகட்டைப் போடலாம். கடன் படாமலே கொட்டில் வளரும். கூரையிற் சிக்கனம் பிடிப்பவன் பின்னர்த் திருத்திக் கொள்ளலாம். காலிற் சிக்கனம் பிடிப்பவனுக்குத் திருத்த வழியில்லை.

தகட்டுக் கூரை போட்டோர் தாவாரத்திலே ஒரு பீலியும் இணைத்துக் கொள்க. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூரையிலே ஓரங்குல மழை பெய்தால், விழும் நீர் 10 கன அடி. அஃதாவது ஏறக்குறைய 280 இலீற்றர். நாற்று மேடைக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு அது போதும். கிணற்று நீரும் மிஞ்சும்.

மாணவர்களுக்கு எளிய சோதனை ஒன்று. இரண்டு இரும்பாணிகளையும் இரண்டு நாகப் பூச்சு ஆணிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பாணி ஒன்றும் நாக ஆணி ஒன்றும் கிணற்று நீரிலும், மற்றிரண்டும் உப்பு நீரிலும் பாதி அமிழுமாறு வையுங்கள். நாள்தோறும் பார்த்து, கறள் தோன்றிய நாளைக் குறித்து வாருங்கள். ஒரு மாதத்தில், கடைக்காரர் சொல்லாத பல செய்திகளை அந்நான்கு ஆணிகளும் உங்களுக்குச் சொல்லிவிடும். தந்தையார் தகரம் வாங்கப் புறப்படும் நாளில் அக்குறிப்பை அவரிடம் காட்டுங்கள்.

கொட்டில் அமைக்க எண்ணியோர் சோளகம் தணிந்து மாரி தொடங்குமுன் வேலையை முடித்தல் நலம். முதலில் பாதம், பின்பு கப்பு, பின்பு பிணைப்பு, இறுதியிலே கூரை என்ற ஒழுங்கை மாற்றாதீர்கள். நிலத்தை மீட்டு வந்த குடும்பத்துக்கு அதுவே முதற் கூரை. அதன் நிழலில் இருந்துகொண்டுதான் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டவேண்டும்.